ஐப்பசிக்கு முன் ஒரு சுற்று

சன்ஷேடின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார் மேஸ்திரி. கெட்டியாக வந்துகொண்டிருந்த சத்தம், சமையலறை ஜன்னலுக்கு மேலே வந்ததும் மாறியது. "கேட்டீங்களா சார்? உள்ள விட்டுக்கிச்சு." இன்னும் இரண்டு தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. விரல் நகத்தால் சுரண்டினாலே செதில் செதிலாக உதிர்ந்தது.

சென்னை கொட்டிவாக்கத்தில் இசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் ஒரு தெரு. தொண்ணூறுகளில் கட்டிய தனி வீடு. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. புரட்டாசி பிறந்தால் மேஸ்திரியைக் கூப்பிட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லிவிடுவார். இந்த ஆண்டு நானும் கூடப் போனேன். மனை வாங்குவது எப்படி, கடன் வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. கட்டின வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மையே அதற்குக் காவல். கடற்காற்றில் வரும் உப்பு, மயிரிழை வெடிப்பு வழியாக ஈரத்தோடு உள்ளே இறங்கி அந்தக் காவலைக் கலைக்கிறது. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருத்துவிடும். பருக்க இடம் இல்லாததால் மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை நெம்பித் தள்ளுகிறது. அதனால்தான் ஐஎஸ் 456 என்னும் கான்கிரீட் விதித்தொகுப்பு, கடலோரத்தில் வெளிக்காற்று படும் இடங்களில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும் என்கிறது. சாதாரணச் சூழலுக்கு 20 போதும். இங்கே பெயர்ந்து விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் பருமன்கூட இல்லை. தெருவில் பல வீடுகளின் பால்கனி ஓரத்திலும் இதே பழுப்புக் கோடு ஓடுகிறது. உள்ளே இருப்பவர்கள் அதை அழுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

"இத அப்படியே பூசி விட்டுடலாமே மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"பூசலாம் சார். ரெண்டு மழைக்கு நிக்கும். அப்புறம் இதவிடப் பெரிசா வாயப் பொளக்கும்."

சரியான முறையை அவரே சொன்னார். தட்டித் தட்டி, சத்தம் கெட்டியாகும் இடம்வரை பழைய கான்கிரீட்டை எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கமும் தெரிய வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, ரொம்ப மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையை வைத்து அடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் சொன்னது தண்ணீரைப் பற்றி. "போர் தண்ணி வேணாம்மா. லாரி தண்ணி எடுத்து வைங்க." கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. கரிக்கிற போர்த் தண்ணீரில் கலவை போட்டால் நோயையும் சேர்த்துப் பூசியதாகிவிடும்.

அடுத்து அவர் காட்டியது இன்னும் சின்ன விஷயம். சன்ஷேடின் முன் ஓரத்துக்கு அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு காடி விடுவார்கள். ஓரத்தில் வழியும் மழைநீர் அந்தக் காடியோடு நின்று கீழே சொட்டிவிடும். இந்த வீட்டில், எப்போதோ பெயிண்ட் அடித்தவர்கள் 'சமமாக' இருக்கட்டும் என்று அதைப் பட்டி வைத்து அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர் அடிப்பக்கமாகவே உள்ளே ஊர்ந்து வந்து கம்பியை நனைத்திருக்கிறது. அழகுக்குச் செய்த வேலை ஒரு சன்ஷேடையே தின்றுவிட்டது. பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டால் வீட்டைப் பராமரிப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பெயிண்ட் தேவைதான். ஆனால் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் அடிக்கிற பெயிண்ட், பல சமயம் கெடுதலை மறைக்கத்தான் உதவுகிறது.

மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டு அம்மாவும் மேஸ்திரியும் பேசாமல் நின்றார்கள். தண்ணீர் ஓடி, தட்டோடுகளுக்கு நடுவே ஓரிடத்தில் குளம் கட்டியது. அங்கே ஓடுகளின் இணைப்புகளைச் சுரண்டிவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். மழைக்குழாயின் வாயில் வேப்பஞ்சருகு அடைத்திருந்தது; அம்மா குனிந்து கையாலேயே அள்ளிப் போட்டார்.

அந்தக் குழாய் இறங்குவது தோட்டத்து ஓரத்தில் இருக்கும் உறை இறக்கிய மீள்நிரப்புக் கிணற்றுக்குள். 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்டது. மந்தைவெளியில் மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் 2002இல் தொடங்கிய ரெயின் சென்டர், ஏறத்தாழ கால் நூற்றாண்டாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: அமைப்பதோடு வேலை முடிந்துவிடாது. கொட்டிவாக்கம் மணற்பாங்கான நிலம். கூரையில் விழுகிற தண்ணீரைச் சளைக்காமல் குடிக்கும். கிழக்கே கடல் இருப்பதால் நல்ல தண்ணீரை இறைத்துக்கொண்டே போனால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். அதைத் தள்ளிப் பிடிப்பது இப்படி இறங்குகிற மழைதான். மூடியைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் முழங்கால் அளவுக்குச் சேறு. ஓர் ஆளை இறக்குவதற்கு முன் மூடியை நன்றாகத் திறந்து வைத்துக் காற்றாட விட வேண்டும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார். துணைக்கு மேலே ஆள் இல்லாமல் யாரையும் இறக்க மாட்டாராம்.

வீட்டுக்குள் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அம்மா அமுக்கினார், டப்பென்று விழுந்தது. மாதம் ஒரு முறை இதைச் செய்கிறாராம். காஸ் ட்யூபில் அச்சிட்டிருந்த வருஷத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார்; 5 ஆண்டு முடிய இன்னும் நாள் இருந்தது. ஏசியின் வெளி யூனிட்டில் தகடுகள் உப்பில் பொரிந்திருந்தன. சம்ப்பில் பால்காக் ஒழுகியது, வாஷர் மாற்றினால் போதும்.

பிறகு அம்மா ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பழைய நாற்பது பக்க நோட்டு. தொட்டி கழுவிய தேதி, பம்ப் காயில் கட்டிய தேதி, யார் செய்தார், எவ்வளவு கொடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல்: மாடித் தொட்டி மூடி பறந்தது, கயிறு போட்டுக் கட்ட வேண்டும். அதற்குக் கீழே வேறு மையில், கட்டியாகிவிட்டது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல்: மேற்குச் சுவரில் ஈரம், எவ்வளவு உயரம் என்று அளவோடு. மறுபடி ஈரம் வந்தால் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். அடுத்த தலைமுறைக்கு வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய நோட்டு இது என்று எனக்குத் தோன்றியது.

மேஸ்திரி கணக்குச் சொன்னார். சன்ஷேடு, மாடி இணைப்பு, கிணறு தூர்வாரல் எல்லாம் சேர்ந்து அம்மா ஒதுக்கிவைத்திருந்த தொகையைத் தாண்டியது. அதில் வெளிப் பெயிண்டுக்கான பணமும் இருந்தது. தீபாவளிக்குப் பேரன் வருகிறான், வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட் தை மாசம் பாத்துக்கலாம் மேஸ்திரி. சன்ஷேட நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க. அந்தக் காடிய மட்டும் மறந்துடாதீங்க."

"ரெண்டு ஆளோட வரேம்மா. லாரி தண்ணிக்கு இப்பவே சொல்லி வச்சிடுங்க" என்றார் அவர்.