முதல் மூன்று மாலைகள்

மாணவர் குழுக்களை வெளிநாட்டுக் குடும்பங்களில் தங்கவைக்கும் எங்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: வந்திறங்கிய முதல் நாட்கள் உற்சாகமாகவே கழியும், வீட்டு ஏக்கமும் எரிச்சலும் பிறகுதான் தலைகாட்டும் என்று. அதனால் அந்த நாட்களைக் கோயில், கோட்டை, அருங்காட்சியகம் என்று நிரப்பிவிடுகிறோம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது நார்வேயின் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட ஆய்வு. ஃபுல்பிரைட் கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களில் 6 முதல் 18 மாதம் தங்கியவர்களே மற்றவர்களைவிடக் குறைவாக அங்கே ஒன்றியிருந்தார்கள் என்றார் அவர். அது மாதக்கணக்கில் தங்கியவர்களின் கதை. இரண்டு மூன்று வாரப் பயணத்துக்கு அதை அளவுகோலாக்கியது நம் தவறு. நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து கொலீன் வார்டும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் எழுதியதோ நேர் எதிரானது: வந்து சேர்ந்த சமயத்தில்தான் சிரமம் உச்சத்தில் இருந்தது, போகப்போகக் குறைந்தது.

நம் மாணவி தங்கப்போகும் ஜப்பானிய வீடொன்றை எண்ணிப் பாருங்கள். வாசலில் காலணியைக் கழற்றி வீட்டுச் செருப்புக்கு மாற வேண்டும். தத்தாமி பாய் விரித்த அறையில் அதுவும் கூடாது. கழிவறைக்குத் தனிச் செருப்பு. குளியல் தொட்டிக்கு வெளியிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்ட பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். அடுத்தவரும் அதே வெந்நீரில்தான் அமர்வார் என்பதால் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வேறொரு நாள். எதுவும் கடினமில்லை. ஆனால் பேச மொழியில்லாத பிள்ளைக்கு அடி எடுத்துவைக்கும் இடமெல்லாம் தயக்கம். பகலெல்லாம் தன் கூட்டத்தோடு பேருந்தில் சுற்றி, இருட்டிய பின் களைத்து வரும் மாணவிக்கு அந்தத் தயக்கம் தெளிய நேரமே இல்லை. மாலை 4 மணிக்கே வீட்டில் இருந்து, அரிசியைக் களைந்து குக்கர் பாத்திரத்தின் கோடு வரை தண்ணீர் வைப்பது அவள் பொறுப்பு என்றானால், அடுக்களையில் அவளுக்கென்று ஓர் இடம் கிடைக்கிறது. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கவும் ஏதோ ஒன்று இருக்கிறது.

விருந்தாளியை வேலை வாங்குவதா என்று குடும்பத்தார் கூசுவார்கள், நியாயமான கூச்சம். அதைப் போக்குவது ஒருங்கிணைப்பாளரின் கடமை. எந்த வேலையைத் தரலாம் என்று முன்கூட்டியே கேட்டு முடிவுசெய்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. பயந்த பிள்ளைக்கு நண்பர்கள்தானே ஆறுதல் என்பது இன்னும் கனமான கேள்வி. ஆம், ஆறுதல்தான், அதனால்தான் பகல் வகுப்பில் குழு தினமும் கூட வேண்டும். ஆனால் இரவெல்லாம் வாட்ஸப் குழுவில் கிடப்பவள் அந்த வீட்டில் உறங்குகிறாளே தவிர வாழவில்லை. உண்மையான ஆபத்து, ஒவ்வாமை, உடல்நலக் குறைவு என்றால் எந்த நேரத்திலும் குழுத் தலைவரை அழைக்கலாம். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காசு கட்டிய பெற்றோர் ஊர் பார்க்க வேண்டாமா என்பார்கள். கியோட்டோவை இரண்டாம் வாரத்தில் பார்க்கலாம்.

அடுத்த பயணத்துக்கு அட்டவணை போடும் ஆசிரியர்களே, முதல் மூன்று மாலைகளை அந்தந்த வீடுகளுக்கே விட்டுக்கொடுங்கள்.