கல்லின் வயிறு

அம்மாவின் கோமேதக மோதிரம் 27 வருடம் அவருடைய வலக்கை நடுவிரலில் இருந்தது. ராகு திசை தொடங்கியபோது தாத்தா செய்து போட்டது. 18 வருடத் திசை முடிந்த பிறகும் அம்மா அதைக் கழற்றவில்லை. கல் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

போன ஆவணியில் அதை என்னிடம் கொடுத்தார். என் விரலுக்குப் பெரிது. அளவு குறைக்க ஒரு கடையில் கொடுத்தேன். கல்லைக் கழற்றாமலே வளையத்தை வெட்டி, பொடி வைத்து, தீயில் பற்றவைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கல்லின் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் முடி மாதிரி ஒரு கோடு. சூடேறிய கல் சட்டென்று குளிர்ந்தால் பிளந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கல்லைக் கழற்றிவிட்டுத் தீ காட்டுங்கள் என்று சொல்லியிருப்பேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தக் கல்லை ஒரு பொட்டலத்தில் மடித்து எடுத்துக்கொண்டுதான் காங்கயம் போனேன். கோவையிலிருந்து பல்லடம் வழியாகப் பேருந்து.

காங்கயம் என்றால் பலருக்குக் காளை நினைவுக்கு வரும். பிறகு அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய், சிவன்மலை. கல் தொழில் அதற்கெல்லாம் பிறகுதான். ஆனால் இந்த ஊர்களில் அதுதான் பழையது. வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கி, பலமுறை அகழாய்வு நடந்த இடம். பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம், கார்னெட் என்று பலவகைக் கல்லில் செய்த மணிகள் கிடைத்தன. கூடவே துளை போட்டுப் பாதியில் விட்ட மணிகளும் வெட்டிக் கழித்த சில்லுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து அணிகலனுக்காகச் சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. முழு மணிகளை விட அந்தப் பாதி மணிகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வாங்கி விற்ற ஊரில் பாதி மணி கிடக்காது. கிடந்தால் அது உட்கார்ந்து வேலை செய்த ஊர்.

நான் தேடிப் போன கல் தீட்டுபவரின் வீடு ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டி. வீட்டோடு சேர்ந்த ஓட்டுச் சாய்ப்புதான் பட்டறை. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். இரண்டு சாணைகள், மோட்டாரில் ஓடுபவை. ஒன்றுதான் இப்போது ஓடுகிறது. மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். அவருடைய மனைவி வாசலில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, குச்சி முனையில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். சாணையில் பிடிக்கக் கல்லுக்கு ஒரு கைப்பிடி வேண்டும். அந்தக் குச்சிதான் கைப்பிடி. கல் குச்சியில் கோணலாக உட்கார்ந்தால் பட்டை எல்லாம் கோணலாகும். அதனால் அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விடுவதில்லை.

"வாங்க அம்மணி, உட்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் அந்த அக்கா. பெரியவர் என் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்சைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்சை என்னிடம் நீட்டினார்.

"கோட்டைப் பார்க்காதீங்க. உள்ள பாருங்க. பாகு ஓடுதுங்களா?"

ஓடியது. வெந்நீரில் தேன் விட்டதும் கரையாமல் நெளியுமே, அதேபோல் கல்லுக்குள் ஒரு நெளிவு. வெயில் நேரத்தில் தார்ச்சாலைக்கு மேலே காற்று அலைகிற மாதிரியும் சொல்லலாம். இயற்கைக் கோமேதகத்தின் கையெழுத்து அது.  கண்ணாடியில் செய்த போலியில் பெரும்பாலும் வட்ட வட்டமான காற்றுக் குமிழி தெரியும்.

கோமேதகம் வேறு, கார்னெட் வேறு என்று சில கடைகளில் சொல்வார்கள். அது சரியல்ல. கார்னெட் என்பது ஒரு கல்லின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். இரும்பும் அலுமினியமும் கூடினால் கருஞ்சிவப்பு அல்மண்டைன். இரும்பின் இடத்தில் மக்னீசியம் வந்தால் பைரோப். மாங்கனீசு வந்தால் ஆரஞ்சு நிற ஸ்பெசார்டைன். கால்சியம் வந்தால் கிராசுலர். அந்தக் கிராசுலரில் தேன் நிறத்தது நம் கோமேதகம். பூமிக்கடியில் பாறை வெந்து அழுந்தி உருமாறும்போது பிறக்கிற கல் என்பதால், உருமாறிய பாறைகள் நிறைந்த தமிழ்நாட்டில் கார்னெட் எங்கும் கிடக்கிறது. மதுரைப் பக்கத்து வெள்ளைக் கிரானைட் போட்ட சமையல் மேடை உங்கள் வீட்டில் இருந்தால், அதில் தெறித்திருக்கும் செம்புள்ளிகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் கார்னெட்தான். மோதிரத்துக்கு ஆகிற தெளிவு அவற்றில் இல்லை, அவ்வளவே.

பெரியவர் என் கல்லைத் திருப்பி அதன் அடியைக் காட்டினார்.

"வயிறு விட்டிருக்காங்க பாருங்க. பானை மாதிரி. வெளிச்சம் உள்ள போகுதுங்க, திரும்பி மேல வர வழியில்லை. பக்கவாட்டுல ஓடிப்போயிடுது."

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டவற்றில் இதுதான் பெரிது. ராசிக்கல் எடைக்கு விற்கும். இத்தனை காரட்டுக்குக் குறையக் கூடாது என்று ஜோதிடர் எழுதித் தருகிறார். காரட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வியாபாரி பேசுகிறார். கல்லின் முகம் மோதிரத்தில் எல்லோருக்கும் தெரியும். அடி யாருக்கும் தெரியாது. அதனால் எடையை அடியில் ஒளித்து வைக்கிறார்கள். ஐந்து காரட் என்று நாம் வாங்கும் கல்லில் இரண்டு காரட் வெறும் வயிறு. அதற்கும் பணம் கொடுத்திருப்போம். அந்த வயிறே கல்லின் ஒளியையும் விழுங்கிக்கொண்டிருக்கும்.

"வெட்டினவருக்கு இது தெரியாதுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்னங்க? சரியா வெட்டினா எடை போயிருச்சுன்னு கூலியில புடிச்சுக்குவாங்க. நானே எத்தனை கல்லுக்கு வயிறு விட்டிருக்கேன்." சொல்லிவிட்டுச் சாணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விளக்கை அணைத்தார்.

கை தெரிந்த ஒருவர், இப்படிச் செய்தால் கல் செத்துவிடும் என்று தெரிந்தே அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க, வருடக்கணக்காக. கூலி குறைவு என்பதை விட இதுதான் அவர்களுக்குப் பெரிய அநியாயமாக எனக்குப் பட்டது. எடையைக் கேட்டு வாங்கும் நாமும் அதில் சேர்த்தி.

பழுதான கல்லை என்ன செய்யலாம் என்று கேட்டேன். கோடு விழுந்த பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டு மீதியைப் புதிதாகப் பட்டை போடலாம் என்றார். 5.20 காரட் இருக்கிறது, மூன்றுக்குக் கீழே வந்துவிடும், சம்மதமா? சம்மதம் என்றேன். "எடைக்குக் கூலி வேண்டாமுங்க, கல்லுக்குக் கூலி கொடுங்க" என்றார்.

மெல்லிய வைர ரம்பத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட அறுத்தார். பிறகு சாணை. அவருடைய அப்பா காலத்தில் அரக்கில் குருந்தப் பொடியைக் கலந்து வார்த்த வட்டைக் கையால் சுழற்றித் தீட்டுவார்களாம். குருந்தம் என்ற நம் சொல்தான் மேல்நாட்டுக்குப் போய் கொரண்டம் ஆயிற்று. மாணிக்கமும் நீலமும் அந்தக் கனிமம்தான். இப்போது செம்புத் தட்டில் வைரப் பொடி. குச்சியைச் சாய்க்கும் கோணம்தான் எல்லாமே. அடிப்பட்டை நாற்பது டிகிரியை ஒட்டி நின்றால் உள்ளே போன வெளிச்சம் இரண்டு முறை மோதித் திரும்பி மேலே வரும். அதைவிடத் தட்டையானால் கல் ஜன்னலாகிவிடும். அவர் கோணமானி வைத்துப் பார்க்கவில்லை. தீட்டுவார், துடைப்பார், ஜன்னல் பக்கம் காட்டுவார், மறுபடி தீட்டுவார். கடகடவென்ற ஓசை கல் சாணையில் பதிந்ததும் சீறலாக மாறும். அந்தச் சீறலின் சுருதியிலேயே பட்டை முடிந்ததா என்று அவருக்குத் தெரிகிறது.

தண்ணீர் சொட்டுவது கல்லின் சூட்டுக்காக மட்டும் அல்ல. இதே சாணையில் வெங்கச்சாங்கல்லும் தீட்டுகிறார்கள். அந்தப் படிகக்கல்லின் தூசி உலர்ந்து பறந்தால் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் வரும். குஜராத்தின் காம்பத்தில் அகேட் கல் தொழிலாளர்களை அழித்த நோய் அது. தண்ணீர் டப்பா காலியானால் அக்கா உள்ளிருந்து குரல் கொடுக்கிறார், சாணை நிற்கிறது. முகக்கவசம் ஆணியில் தொங்கியது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அவர் அதைப் போடுவதில்லை. போடச் சொல்லி அக்காவும் நானும் சேர்ந்து கெஞ்சினோம். அன்று போட்டுக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்களும் கல் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு சிவப்புக் கார்னெட்டுகளைக் கொட்டினார். வெட்டாத கரட்டுக்கல் இப்போது உள்ளூரில் எடுப்பது குறைவு. ஒடிசாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஜெய்ப்பூர் வழியாக வருகிறது. எதை எடுப்பீர்கள் என்றார். ஆகப் பெரியதை எடுத்தேன். அதை வாங்கி நிழலில் வைத்தார். கருங்கல் மாதிரி இருண்டுவிட்டது. அல்மண்டைனுக்கு நிறம் அதிகம். ஆழமாக வெட்டினால் கறுத்துப்போகும். அதனால்தான் பழைய நகைகளில் குமிழாகத் தீட்டிய கார்னெட்டின் அடியைக் கிண்ணம் போலக் குடைந்து வெளிச்சம் விடுவார்கள். அடுத்து ஒன்றை நாளிதழ் மேல் கவிழ்க்காமல் வைத்தார். நடுவில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அது ஜன்னல் கல். மூன்றாவது சின்னது. வெயிலில் மாதுளை முத்து, நிழலிலும் சிவப்பு, மஞ்சள் பல்பின் அடியில் இன்னும் சிவப்பு. கடை விளக்கின் அடியில் மட்டும் பார்த்துக் கல் வாங்காதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போங்கள் என்றார். எடுத்துப் போக விடாத கடையில் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

மாணிக்கம் என்று சொல்லிக் கார்னெட்டைத் தலையில் கட்டுவதும், கார்னெட் என்று சொல்லிக் கண்ணாடியைக் கட்டுவதும் உண்டு. அதற்கு அவர் வைத்திருக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கிண்ணம் தண்ணீர், அதில் மிதக்கும் தெர்மோகோல் துண்டு, அதன்மேல் கல். பழைய கணினி ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த வலுவான காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். இரும்புச் சத்துள்ள அல்மண்டைன் தெப்பம்போல் காந்தத்தை நோக்கி வந்தது. மாணிக்கமும் பெரும்பாலான கண்ணாடியும் அசையாது. என் கோமேதகச் சில்லை வைத்தோம். அதுவும் வந்தது, ஆனால் தயங்கித் தயங்கி. விலை உயர்ந்த கல்லுக்கு ஆய்வகச் சான்றிதழ்தான் முடிவு. கார்னெட்டில் இன்னொரு நிம்மதி, மாணிக்கத்தையும் நீலத்தையும் போல நிறத்துக்காக இதைச் சூட்டில் வாட்டுவது பெரும்பாலும் கிடையாது. மண் கொடுத்த நிறமே நிறம்.

கல் 2.85 காரட்டில் முடிந்தது. அதை மோதிரத்தில் பதிக்க மறுவாரம் கோவை ராஜவீதியில் ஒரு பத்தரிடம் போனேன். கார்னெட்டின் கடினம் மோஸ் அளவில் 6.5-க்கும் 7.5-க்கும் நடுவே. வீட்டுத் தூசியில் இருக்கும் படிகக்கல் மணல் 7. தினமும் போடும் மோதிரத்தில் உலர்ந்த தூசியைத் துணியால் அழுத்தித் துடைத்தால் நாமே கல்லைச் சாணை பிடிக்கிறோம் என்று அர்த்தம். முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. நகம் வைத்துப் பிடிக்கும் கட்டடத்தை விடச் சுற்றிலும் தங்க விளிம்பு ஏற்றிய கட்டடம் பட்டை ஓரங்களைக் காக்கும் என்றார் பத்தர். அடியைத் திறந்து விட்டார், கல் விரலில் பட வேண்டும் என்ற வழக்கத்துக்காக. அந்தத் திறப்பில்தான் தேங்காய் எண்ணெய், சோப்பு, திருநீறு எல்லாம் போய் அடையும். கல் மங்கிவிட்டது என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு அழுக்குதானாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு கரைத்து, குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷால் அடிப்பக்கம் தேய்த்தால் போதும். நீராவி வேண்டாம், கொதிநீர் வேண்டாம், பிளீச்சிங் பவுடரில் கை வைக்கும்போது மோதிரம் வேண்டாம். பாட்டி காலத்து மோதிரம், அடி மூடி உள்ளே தகடு வைத்தது என்றால் தண்ணீரில் முக்கவே கூடாது. ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல்லும் கறுத்ததாகத் தெரியும். ஈரத் துணியால் மேலே ஒற்றி எடுப்பதோடு சரி.

ரசீதை அவரே விளக்கினார். ஒரு காரட் 0.2 கிராம். ஐந்து காரட் கல் ஒரு கிராம். கல்லோடு நிறுத்துத் தங்க விலை போட்டால் ஒரு கிராம் தங்கத்துக்கு வீணாகப் பணம் போகும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். வளையத்தின் உள்பக்கம் 916 முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடும் இருக்க வேண்டும்.

மோதிரத்தை அம்மாவிடம் கொடுத்தேன். சமையலறை ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தார். பழைய கல் இப்படிப் பேசியதில்லை. விரலை அசைக்க அசைக்கத் தேன் நிறம் உள்ளே உருண்டது.

"இது என் கல்லேதானா?"

"அதேதாம்மா. வயிறு மட்டும் இல்லை."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் விரலிலேயே மாட்டிவிட்டார். பிறகு, "அறுத்த துண்டு எங்கே?" என்றார். கோடு விழுந்த அந்தச் சில்லைப் பெரியவர் தனியாக மடித்துக் கொடுத்திருந்தார். பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை மூக்குத்திச் சிமிழில் போட்டுப் பீரோவுக்குள் வைத்தார்.