முதற்குழல்

சென்ற ஈகைப் பெருநாள் கழிந்த மறுநாள், ஆம்பூரில் நம் இல்லத்திற்கு இளைய சகோதரியின் மகன் வந்திருந்தான். வயது பதினைந்து. பெருநாளன்று பெரியவர்கள் கொடுத்த பணம் முழுவதையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்திருந்தான். “மாமா, அயர்லாந்துக்காரர்கள் ஊதும் ‘லோ விசில்’ என்ற குழல் வாங்க வேண்டும். அம்மா உங்களைக் கேட்டு வரச் சொன்னார்கள்” என்றான். சகோதரி அவனை ஏன் அனுப்பினார் என்பது நமக்கு உடனே விளங்கிற்று. அண்ணன் மதரஸாவில் ஓதியவர். ‘கூடாது’ என்ற ஒரு சொல்லில் முடித்து விடுவார் என்ற நம்பிக்கைதான்.

ஆனால் அந்த ஒரு சொல் நம் நாவில் எளிதில் எழவில்லை. நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் குழலைப் பற்றிய பேச்சு உண்டு. இமாம் ராஃபிஈ அவர்கள், அது தடையன்று என்பதையே வலுவான கருத்தாகக் கொண்டார்கள். அவர்களுடைய நூலைச் சுருக்கி ‘மின்ஹாஜ்’ இயற்றிய இமாம் நவவீ அவர்களோ, தடை என்பதே மிகச் சரியானது என்று அவ்விடத்திலேயே தம் கருத்தைச் சேர்த்தார்கள். இருவரும் ஒரே மத்ஹபின் பேரறிஞர்கள். மௌலானா ரூமியின் ‘மஸ்னவி’யோ நாணற்குழலின் பிரிவுத் துயரோடுதான் தொடங்குகிறது. அத்தகையோர் நின்று நிதானித்த இடத்தை நாம் ஒரே தாண்டில் கடப்பது அடக்கமாகாது.

வேறொரு காரணமும் உண்டு. அதனை இதுகாறும் எவரிடமும் கூறியதில்லை. அவன் வயதில் நாமும் சந்தனக்கூட்டுக் கடையொன்றில் மூங்கிற்குழல் வாங்கினோம். தோல் பதனிடும் தொழிற்கூடத்திலிருந்து திரும்பிய எம் தந்தையார் அதைக் கண்டார், எடுத்தார், முழங்காலில் வைத்து முறித்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் நம்மீது கொண்ட அன்பில் ஐயமே இல்லை. ஆயினும் அன்று ஒரு காரணத்தைச் சொல்லியிருந்தால், குழலை நாமே அவர் கையில் கொடுத்திருப்போம். சொல்லாமல் முறித்ததுதான் நாற்பது ஆண்டுகளாக நெஞ்சில் கிடக்கிறது.

அக்குழலின் வரலாற்றைப் படித்தபோது வியந்து போனோம். அயர்லாந்துக் கலைஞர் ஃபின்பார் ஃபியூரி இந்திய மூங்கிற்குழல் ஒன்றைப் பெரிதும் போற்றி வைத்திருந்தார். பயணத்தில் அது சிதைந்தது. பெர்னார்ட் ஓவர்ட்டன் என்ற ஆங்கிலக் கைவினைஞரிடம் செப்பனிடக் கொடுத்தார். அது இயலாது போகவே, ஓவர்ட்டன் 1971இல் அலுமினியக் குழாயில் அதைப் போன்ற ஒன்றைச் செய்தார். இன்றைய லோ விசில் அதிலிருந்தே பிறந்தது. நம் நாட்டு மூங்கில் முறிந்த இடத்தில் முளைத்த குழல்! உலோகக் குழலும் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், குழல் செய்யும் பொருள்களில் மூங்கிலோடு வெண்கலத்தையும் எண்ணுகிறார்.

இனித் தேர்வு. நம் புல்லாங்குழலில் உதட்டைக் குவித்து ஒலி எழுப்பவே பல நாள் பழக வேண்டும். விசிலில் அத்தொல்லை இல்லை. வாய்ப்பகுதியில் உள்ள குறுகிய வழியே காற்றைத் தானே விளிம்பில் மோதச் செய்யும். துளைகள் ஆறே. சற்று வலிந்து ஊதினால் அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயி எழும். ஆயினும் ‘டி’ சுருதி லோ விசில் ஏறத்தாழ இரண்டடி நீளம். துளைகள் அகன்று நிற்கும். விரல் நுனியால் அன்றி நடுக்கணுவின் சதையால் மூடல் வேண்டும். மூச்சும் மிகுதியாகச் செலவாகும்.

இரண்டடி பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்து, அக்குழலின் அளவின்படி ஆறு இடங்களில் மையால் குறியிட்டு அவன் கையில் கொடுத்தோம். மேற்கை பொருந்தியது. கீழ்க்கையின் மோதிர விரல் கடைசிக் குறிக்கு எட்டவில்லை. அவன் முகம் வாடிற்று. “தம்பி, குறை உன்னிடம் இல்லை, காலம் இன்னும் வரவில்லை” என்றோம்.

ஓரடி நீளமுள்ள சிறிய ‘டி’ விசில் ஒன்று உண்டு. 1843 முதல் இங்கிலாந்தில் தகரத்தால் செய்யப்பட்டு வரும் வகை. விரலமைப்பு அதே, ஒலி மட்டும் ஒரு ஸ்தாயி மேல். அயர்லாந்து மெட்டுகளுள் பெரும்பாலானவை அதில் அடங்கும். விலையும் குறைவுதான். அதில் பழகியவன் பின்னர்ப் பெரியதற்குச் செல்கையில் எதையும் மறந்து புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மீதிப் பணத்தைத் தாயிடம் கொடுத்து வைக்கச் சொன்னோம்.

மாலையில் சகோதரி வந்தார். “அண்ணே, நீங்களுமா?” என்றார். “தடை என்றவர்களின் சொல்லையும், இல்லை என்றவர்களின் சொல்லையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். வளர்ந்தபின் அவனே ஓதித் தெளியட்டும். நாம் முறித்தால் குழல்தான் முறியும்; ஆசை நம்மிடம் சொல்லாமல் ஒளிந்து கொள்ளும்” என்றோம். எம் தந்தையாரின் செய்தியையும் அன்றுதான் அவரிடம் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்த சகோதரி, “தொழுகை நேரத்தில் ஓசை வரக் கூடாது” என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

அந்தப் பி.வி.சி. குழாய் நம் நூலலமாரியின் மேல் இருக்கிறது. வரும்போதெல்லாம் அவன் அதை எடுத்து விரல் வைத்துப் பார்க்கிறான். கடைசிக் குறிக்கு இன்னும் அரை விரற்கடைதான் குறைவு.