மலைக்குச் சுருதி சேர்த்த மோட்டார் சைக்கிள்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகையிரதம் ஹற்றனை நெருங்கும்போது, பிரயாணிகள் யாவரும் ஜன்னலோரம் கூடிவிடுவர். சரிவெங்கும் சீராக வெட்டிவிடப்பட்ட தேயிலை, இடையிடையே சவுக்கு மரங்கள், அவற்றுக்கு மேலே தவழும் மூடுபனி எனக் கண்ணுக்கு விருந்து நிறையவே உண்டு. ஆயினும் மலைநாடு கண்ணால் மட்டும் காணத்தக்க நாடன்று. காதாலும் காணவேண்டிய நாடு. தகரக் கூரையில் விழும் மழை, தேயிலை ஸ்டோரில் ஓயாது சுழலும் இயந்திரங்கள், இவற்றோடு கொண்டையூசி வளைவுகளில் மெல்ல முனகிக்கொண்டு ஏறும் சிறிய மோட்டார் சைக்கிளின் ஒலி ஆகிய மூன்றையும் கேட்டவரே இந்நாட்டை முழுமையாக அறிந்தவராவர். அம்மூன்றாவது ஒலியைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களுடன் பேச விரும்புகின்றோம்.

புகையிரதம் 1884ஆம் ஆண்டில் ஹற்றனையும், அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் வந்தடைந்தது. தேயிலை வெளியே செல்ல அது வழிகாட்டியது. ஆனால், பெருந்தெருவிலிருந்து தோட்டத்து லயங்களுக்குச் செல்லும் வழி வேறு. அதிற் பெரிய துரை குதிரையிற் சென்றார். பின்னர் மோட்டார் வண்டியிற் சென்றார். சின்னத்துரை மோட்டார் சைக்கிளிற் சென்றார். தொழிலாளர் நடந்தே சென்றனர். யப்பானிலிருந்து சிறிய இயந்திரங்கள் வரத்தொடங்கிய பின்னரே கணக்கப்பிள்ளையும், ஆசிரியரும், தோட்டத்து டிஸ்பென்சரும் சக்கரத்தின் மீது ஏறினர்.

அவ்வியந்திரங்களுட் புகழ்பெற்றது ஹொண்டா சுப்பர் கப். சொயிச்சிரோ ஹொண்டா 1948இல் தமது கம்பனியை நிறுவினார். பத்தாண்டுகளின் பின், 1958இல், இச்சிறு வண்டி வெளிவந்தது. உணவுக்கடைப் பையன் ஒரு கையிற் சேமியாத் தட்டை ஏந்திக்கொண்டு, மறு கையால் ஓட்டத்தக்க வண்டியாக இருக்கவேண்டும் என்பது அதனை ஆக்கியோரின் நோக்கம். ஆகையால் அதில் கையாற் பிடிக்கும் கிளச் இல்லை. காலால் மிதித்தாலே கியர் மாறும். 2017ஆம் ஆண்டில் இவ்வரிசை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியை எட்டிற்று. யப்பானியத் தபாற்காரர் ஓட்டிய சிவப்பு நிற எம்.டி. 90 வண்டியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதுவும் கடல் கடந்து வந்து எமது மலைப்பாதைகளில் ஓடலாயிற்று.

எமது கதைக்குரிய வண்டி ஒரு பழைய சி. 90. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் டிஸ்பென்சராகவிருந்த ஒருவருக்கு அது சொந்தமாயிருந்தது. தோட்டத்து மக்கள் அவரை "டாக்டர் ஐயா" என்றே அழைத்தனர். மேல் டிவிசனிற் பிரசவ வலி கண்டதென்றோ, குழந்தைக்கு இழுப்பு வந்ததென்றோ செய்தி கிடைத்தால், மழையென்றும் இருளென்றும் பாராது அவ்வண்டியிலேயே ஏறிச்செல்வாராம். அவர் காலமான பின்னர் வண்டி கோழிக்கூட்டின் அருகே சாக்கினால் மூடப்பட்டுக் கிடந்தது.

அவருடைய பேரன் எம்மிடம் பயின்றவன். உயர்தரப் பரீட்சையில் அவனுக்குப் பல்கலைக்கழக வாய்ப்புக் கிட்டவில்லை. ஹற்றனில் ஒரு கராஜில் உதவியாளனாகச் சேர்ந்தான். வழியிற் காணும்போது தலையைக் குனிந்துகொண்டு செல்வான். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ற் விடுமுறையில் ஒருநாள் அவன் எமது வீட்டு வாயிலில் வந்து நின்றான்.

"சேர், தாத்தாவின் வண்டியை இரும்புக்கு நிறுத்துக் கொடுக்க அப்பாயி முடிவுசெய்துவிட்டா. நான் திருத்திக் காட்டுகிறேன் என்றேன். மேல் டிவிசனுக்கு ஏறினால் வைத்துக்கொள், ஏறாவிட்டால் கொடுத்துவிடு என்கிறா. கராஜில் இதற்கு இடமில்லை. உங்கள் விறாந்தையைத் தருவீர்களா?"

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது மீளவும் திறக்கப்படவில்லை; 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி பிறந்தது. எனவே புதிய வண்டி வாங்குவது அக்குடும்பத்துக்குக் கனவிலும் ஆகாத காரியம். விறாந்தை மட்டுமன்று, எமது இரு கைகளையும் தருவதாகச் சொன்னோம்.

வண்டி வந்து சேர்ந்தபோது அதன் எஞ்சின் அசைய மறுத்தது. பிஸ்டன் உருளைக்குள் இறுகிப்போயிருந்தது. தம்பி அவசரப்படவில்லை. பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஐந்து நாட்கள் அப்படியே விட்டான். ஆறாம் நாள் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னுமாக அசைத்தபோது, பெருமூச்சு விடுவதுபோல் ஓரொலி எழுந்து பிஸ்டன் நகர்ந்தது. சம்மட்டியால் தட்டியிருந்தால் யாவும் பாழாகியிருக்கும்.

மலைநாட்டில் இயந்திரங்களுக்குப் பெரும் பகை ஈரம். பாதி வெறுமையான பெற்றோல் தாங்கியின் உட்சுவரில் இரவுக் குளிரால் நீர்த்துளி படிகின்றது. அதனால் துரு உண்டாகின்றது. அத்துரு காபரேற்றருக்குள் இறங்கி வழியை அடைக்கின்றது. தாங்கிக்குள் வினாகிரியும் பழைய சைக்கிள் சங்கிலியும் இட்டுக் குலுக்கித் துருவைப் போக்கினோம். அன்று முதல் எமது இல்லாள், சமையலறையிலிருந்து வினாகிரிப் போத்தல் மறைந்த மர்மத்தைப் பற்றி எம்மை வினவுவதை நிறுத்தவில்லை. வால்வுகளை அரைபசை இட்டு அரைத்து அவற்றின் இருக்கையிற் பொருத்தினான். தேய்ந்த பிரேக் கட்டைகளையும் சங்கிலியையும் மாற்றினான். காபரேற்றரின் உடல் வெடித்திருந்தமையால், கொழும்பில் பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தைக்குச் சென்று இன்னொன்று வாங்கிவந்தான்.

ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து மிதித்தோம். நாலாவது உதையில் எஞ்சின் உயிர்பெற்றது.

அடுத்த ஞாயிறன்று அதனைச் சோதிக்க நுவரெலியா வீதியிற் புறப்பட்டோம். தம்பி ஓட்ட, நாம் பின்னே அமர்ந்தோம். கொட்டகலை வரை யாவும் இனிதே நடந்தது. டெவன் நீர்வீழ்ச்சி, 97 மீட்டர் உயரத்திலிருந்து வெண்ணூல் இழைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. சற்று அப்பால் செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் அதன் பழைய முழக்கம் குறைந்துவிட்டது. தலவாக்கலையைத் தாண்டினோம். 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் அருகிலுள்ள சென்ற் கூம்ஸ் தோட்டத்திலேதான் இருக்கின்றது. அதன்பின் வீதி நிமிர்ந்தது. வண்டி இருமத் தொடங்கியது. நானுஓயாவுக்குக் கீழே ஒரு வளைவிற் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றேவிட்டது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரிபோற் கறுத்திருந்தது. தம்பியின் முகமும் அவ்வாறே ஆயிற்று. இறக்கத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு தலவாக்கலைக்குத் திரும்பும்வரை அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

இங்கே சிறிது விஞ்ஞானம் பேச வாசகர் அனுமதிக்கவேண்டும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர். பழைய கணக்கில் 6,128 அடி. அவ்வுயரத்திற் காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். நுவரெலியாவில் வாழும் இல்லத்தரசிகள் இதனை நன்கறிவர். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், பருப்பு வேக நெடுநேரம் எடுக்கின்றது. எஞ்சினுக்கும் இதுவே நேர்கின்றது. ஒவ்வொரு முறையும் அது இழுக்கும் காற்று, கன அளவிற் குறையாவிடினும் நிறையிற் குறைகின்றது. காபரேற்றரின் ஜெட் எனப்படும் பித்தளைத் துளையோ பெற்றோலை அந்த அளவுக்குக் குறைத்து விடுவதில்லை. ஆகவே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் சேர்ந்து, முற்றாக எரியாமற் கரியாகின்றது. வயிறு நிறைய உண்டவன் மலையேற முடியாது திணறுவதைப் போன்றது அது.

இவற்றை நாம் கரும்பலகையிற் பலமுறை விளக்கியிருக்கின்றோம். ஆனால் வழியைக் கண்டவன் அவனே. அன்றிரவு, வெடித்துப்போன பழைய காபரேற்றரை எடுத்து அதிலிருந்த ஜெட்டைக் கழற்றி, விளக்கின் அருகே பிடித்து எண்ணைப் படித்தான். புதிதாக வாங்கிய காபரேற்றரின் ஜெட்டிலிருந்த எண்ணையும் படித்தான். பழையதன் எண் சிறியதாயிருந்தது.

"சேர், இது கொழும்புக்கு வைத்த ஜெட். தாத்தா மலைக்கு வேறு வைத்திருக்கிறார்" என்றான். அவன் குரல் தழுதழுத்தது. எழுதிவைக்கப்படாத ஒரு பாடம், பித்தளைத் துண்டொன்றில் இத்தனை காலம் காத்திருந்தது.

பழைய ஜெட்டை மெல்லிய செப்புக் கம்பியிழையாற் சுத்தம் செய்தான். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று எமக்குக் கூறினான். காபரேற்றருக்குள் ஏறியிறங்கும் ஊசியை ஒரு படி தாழ்த்தினான். எஞ்சின் சூடேறிய பின்னர், காற்றுத் திருகைச் சிறிது சிறிதாகத் திறந்து, சுழற்சி மிகச் சீராக ஒலிக்கும் இடத்தில் நிறுத்தினான். வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பவரைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே அதனைச் செய்தான். எஞ்சின் ஆறிய பின் டப்பெட் இடைவெளியை 0.05 மில்லிமீற்றரிலும், பொயின்ட் இடைவெளியை 0.35 மில்லிமீற்றரிலும் நிறுத்தினான். சிறு மின்குமிழ் ஒன்றை இணைத்து, சக்கரத்தில் பொறித்துள்ள 'எஃப்' அடையாளம் நேர்ப்படும் கணத்திற் பொறி பிறக்கின்றதா என்று பார்த்தான். மெலிந்த காற்றினால் இழக்கும் வலுவில் ஒரு பகுதியை எந்தச் சரிசெய்கையும் மீட்டுத் தராது. அதற்கு ஈடாக, முன்புறப் பற்சக்கரத்தில் ஒரு பல் குறைந்ததைப் பூட்டினான். வேகம் சிறிது குறையும். ஏறும் திறன் கூடும்.

இரண்டாம் முறை நுவரெலியா வரை நிற்காமற் சென்றோம். கிறகறி வாவிக்கரையில் வண்டியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றினான். அது பிஸ்கட் நிறத்தில் இருந்தது. அந்நிறமே நல்ல எரிவுக்கு அடையாளம். திரும்பும்போது இறக்கம் முழுவதும் இரண்டாம் கியரிலேயே வந்தோம். இச்சிறு பிரேக்குகளை மட்டும் நம்பி மலையிறங்குவது புத்திசாலித்தனமன்று.

மேல் டிவிசனுக்கு ஏறும் நாளும் வந்தது. லயங்களுக்குச் செல்லும் அப்பாதையில் தார் என்பது பெயருக்குத்தான். கல்லும் குழியுமே மிகுதி. முச்சக்கர வண்டிக்காரர் பலர் அங்கு வர மறுப்பர். வருவோர் கேட்கும் கூலியைக் கொடுக்கத் தொழிலாளிக்கு இயலாது. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது, கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே ஆரம்பத்திற் கிடைத்தது. அந்நாட்களில் இத்தகைய சிறு வண்டி வைத்திருந்தோரே நோயாளரையும் மாணவரையும் சுமந்து சென்றனர்.

தாத்தாவின் மனைவியார் லயத்துப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தனியாகவே புறப்பட்டான். கொழுந்து மலைக்குள் வண்டி மறைந்தது. ஒலி மட்டும் கேட்டது. ஒரு வளைவிற் தேய்ந்தது. மறு வளைவில் எழுந்தது. பின்னர் மேலேயிருந்து இருமுறை ஹோர்ன் அடித்தான். அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரும் அப்படித்தான் மாஸ்டர், போய்ச் சேர்ந்ததும் இரண்டு தரம் அடிப்பார்" என்றார். இரும்புக்காரருக்கு அன்றே மறுமொழி அனுப்பப்பட்டது.

இப்போது அத்தோட்டத்திலும் அயற்தோட்டங்களிலும் உள்ளோர் தம் வண்டிகளைத் தம்பியிடமே கொண்டுவருகின்றனர். பதிலுக்குக் காசு வாங்கும் முன், "எந்த டிவிசனில் ஓடுகிறது?" என்று கேட்கின்றான். வழியில் எம்மைக் கண்டால் இப்போது நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொல்கின்றான்.

வாசகர் வீட்டிலும் இத்தகைய பழைய வண்டி ஒன்று சாக்கின் கீழ்க் கிடக்கலாம். அதனை நிறுத்து விற்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். தாங்கியைப் பெற்றோலால் நிரப்பி வைத்தால் துரு அணுகாது. பழைய ஜெட்டை எறிந்துவிட வேண்டாம். அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் எத்தனை மீட்டர் உயரத்திலுள்ளது என்பதை, உங்களுக்கு முன்னர் ஓட்டியவர் அதில் எழுதி வைத்திருக்கக்கூடும்.