சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கணும்

நைட் டியூட்டியில ரெண்டு மணிக்கு மேல கேஷுவாலிட்டி வாசல்ல போலீஸ் ஜீப் வந்து நின்னா, இன்னைக்கும் என் கண்ணு முதல்ல போறது கூட்டிட்டு வர்ற ஆளோட காலுக்குத்தான். முகத்துக்கு இல்ல. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

ஒருத்தரைக் கைது பண்ணினா 24 மணி நேரத்துக்குள்ள மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அதுக்கு முன்னாடி அரசு டாக்டர் பரிசோதிச்சு எழுதிக் கொடுக்கணும். எங்க பாஷையில அதுக்குப் பேரு 'ஃபிட் ஃபார் ரிமாண்ட்'. ஏட்டு மெமோவை நீட்டுவார். பிபி, பல்ஸ், வெளிக்காயம் இருக்கா இல்லையா, கையெழுத்து, சீல். மனசு வெச்சா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம். நானும் அப்படி முடிச்சவன்தான்.

2019. ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. அன்னைக்கு ராத்திரி ஒரு பாம்புக்கடி, விஷமுறிவு மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. பக்கத்துல பைக்ல விழுந்த ரெண்டு பேர். டாக்டர் நான் ஒருத்தன், சிஸ்டர் ஒருத்தங்க. அந்த நேரம் பார்த்து மூணு போலீஸ், நடுவுல முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர். திருட்டுக் கேஸ்னாங்க.

"உட்காருங்க"ன்னு ஸ்டூலைக் காட்டினேன்.

"இல்ல சார், நிக்கிறேன்."

மரியாதைக்கு நிக்கிறார்னு நினைச்சேன். நிக்க வெச்சே பிபி பார்த்தேன். "எங்கயாவது அடி பட்டிருக்கா?"ன்னு கேட்டேன். கேட்டப்போ ஏட்டு அவர் தோளை ஒட்டி நின்னுட்டு இருந்தார். அவர் ஏட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இல்ல சார்."

'நோ எக்ஸ்டர்னல் இஞ்சுரீஸ்'னு எழுதி சீல் வெச்சுக் கொடுத்துட்டேன். வெளிய போகும்போது சுடுமணல்ல நடக்கற மாதிரி, பாதத்தோட ஓரத்தை ஊணி ஊணி நடந்தார். அதைப் பார்த்தேன். பார்த்துட்டு பாம்புக்கடி பெட்டுக்குப் போயிட்டேன்.

எம்பிபிஎஸ் படிச்சவன் யாருக்கும் இது தெரியாத விஷயம் இல்ல. தடயவியல் மருத்துவம்னு ஒரு முழுப் பாடமே இருக்கு. லத்தி மாதிரி உருண்டையான கம்பால அடிச்சா ரெண்டு இணைகோடா கன்றும், நடுவுல வெளுத்திருக்கும். பரீட்சையில அதுக்கு மார்க் வாங்கியிருக்கேன். உள்ளங்கால்ல அடிக்கிறதுக்குத் தனியா ஒரு பேரே உண்டு. அங்க தோல் தடிமன், அதனால தடம் அவ்வளவா தெரியாது, ஆனா நடையில தெரியும். உட்கார முடியாத ஆளுக்கு எங்க அடின்னு கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம். சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கணும். லுங்கியைத் தூக்கச் சொல்லியிருக்கணும். அதுக்கும் முன்னாடி ஏட்டை வெளிய போகச் சொல்லியிருக்கணும்.

பயமான்னு கேட்டா, பெரும்பாலும் இல்ல. பழக்கம். அடுத்த நாள் குடிச்சிட்டு வந்து ஒருத்தன் சிஸ்டர் மேல கை ஓங்கினா நான் போன் போடறது அதே ஏட்டுக்குத்தான். அடையாளம் தெரியாத பிணத்தை ரயில்வே டிராக்குல இருந்து கையால அள்ளிட்டு வர்றதும் அதே ஆளுங்கதான். ராத்திரி மூணு மணிக்கு டீ வாங்கிட்டு வந்து "சாப்பிட்டீங்களா டாக்டர்?"னு கேக்கறவங்க. அவங்களை "வெளிய நில்லுங்க"ன்னு சொல்ல நாக்கு வராது. இதை நியாயமா சொல்லல. நடந்ததைச் சொல்றேன்.

2020 லாக்டவுன்ல இன்னொண்ணு. டியூட்டி முடிச்சு பைக்ல வர்றேன், செக்போஸ்ட்ல நிறுத்தினாங்க. "எங்கடா..."ன்னு ஆரம்பிச்ச குரல், ஐடி கார்டைப் பார்த்ததும் "சாரி டாக்டர் சார், போங்க சார்"னு மாறிடுச்சு. எனக்கு முன்னாடி நிறுத்தின பையன் ரோட்டோரத்துல தோப்புக்கரணம் போட்டுக்கிட்டு இருந்தான். கையில மருந்துச் சீட்டு வெச்சிருந்தான். நான் வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். அந்த 'டா' எனக்கு அரை நொடிதான் வந்துச்சு. அவனுக்கு அதுதான் நாள் பூரா.

அதே வருஷம் ஜூன்ல சாத்தான்குளம். செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வெச்சதா சொல்லிக் கைது பண்ணின அப்பாவும் மகனும் சில மணி நேர இடைவெளியில இறந்துபோனாங்க. ரிமாண்டுக்கு முன்னாடி அவங்களுக்கும் ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுக்கப்பட்டிருந்துச்சு. அது செய்தியில வந்த அன்னைக்கு எங்க டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்ல ரொம்ப நேரம் யாரும் எதுவும் டைப் பண்ணல. எனக்கு அந்த ஸ்டூல் ஞாபகம் வந்துச்சு. 'நிக்கிறேன் சார்' ஞாபகம் வந்துச்சு. என் ஆளு உயிரோட இருக்காரான்னே எனக்குத் தெரியாது. பேருகூட ஞாபகம் இல்ல. ரெஜிஸ்டரைப் புரட்டினா கிடைச்சிருக்கும். புரட்டல.

அதுக்கப்புறம் ஒரே ஒரு பழக்கத்தை மாத்தினேன். ஆளை ஸ்க்ரீனுக்கு உள்ள கூட்டிட்டுப் போவேன், போலீஸ் வெளிய. தப்பிச்சிடுவான்னு சொன்னா, கண்ணுல படற தூரத்துல நில்லுங்க, காதுல விழற தூரத்துல வேண்டாம்னு சொல்வேன். சட்டை, லுங்கி. உட்காரச் சொல்வேன், நடக்கச் சொல்வேன். அப்புறம்தான் பேனா.

முதல் தடவை கை நடுங்குச்சு. முன்கை வீங்கின ஒருத்தர். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் டாக்டர்"னு எஸ்.ஐ. சொன்னார். வழுக்கி விழறவங்க பெரும்பாலும் உள்ளங்கையை ஊணித்தான் விழுவாங்க, மணிக்கட்டுப் பக்கம் உடையும். இவருக்கு எக்ஸ்-ரேல முன்கையோட நடுவுல, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் உடைஞ்சிருந்துச்சு. தலைக்கு வர்ற அடியைக் கையைத் தூக்கித் தடுத்தா உடையற இடம் அது. இங்கிலீஷ்ல அந்த முறிவோட பேரே 'நைட்ஸ்டிக் ஃப்ராக்சர்', அதாவது போலீஸ் தடி முறிவு. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, நான் வெச்ச பேரு இல்ல.

தெருவுல அடிதடி கேஸ் வந்தா 'தெரிந்த நபர் மூவர் கட்டையால் தாக்கியதாகச் சொல்கிறார்'னு ஏ.ஆர். போடுவோம். அதே மாதிரிதான் இதுக்கும் எழுதினேன். 'காவலர்கள் லத்தியால் தாக்கியதாகச் சொல்கிறார்.' எஸ்.ஐ. ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துட்டு இருந்தார். "இதை எழுதித்தான் ஆகணுமா டாக்டர்? நாளைக்கும் நாம முகத்துல முழிக்கணும்." கத்தல, மிரட்டல. அதான் கஷ்டமா இருந்துச்சு. அட்மிஷன் போட்டேன். அடுத்த சில மாசம் அந்த ஸ்டேஷன்ல இருந்து டீ வரல. போன் போட்டா வர்றதுக்கும் லேட்டாச்சு. ஒரு நாள் சிஸ்டர் என்கிட்ட நேராவே சொன்னாங்க, "உங்களால எங்களுக்குத்தான் சார் பிரச்சினை." அதுக்கு என்கிட்ட இன்னைக்கும் பதில் இல்ல.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கையில மாவுக்கட்டு போட்ட ரவுடி போட்டோ வந்தா சிரிப்பு எமோஜி போட்டு ஷேர் பண்றீங்கல்ல? நானும் சிரிச்சிருக்கேன். ஆனா அந்த மாவைக் குழைச்சுக் கட்டு போடற இடத்துல நிக்கும்போது, வந்தவன் நிஜமாவே அந்தக் கேஸ்காரனா, பேரு மாறி வந்தவனான்னு எனக்குத் தெரியாது. கட்டு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

உங்க வீட்டுல யாரையாவது கைது பண்ணினா, கைதானதும் மருத்துவப் பரிசோதனை நடக்கணும். முன்ன குற்றவியல் நடைமுறைச் சட்டம் 54-வது பிரிவு. 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 53-வது பிரிவு. காயம் இருந்தா அது ஏற்பட்ட உத்தேச நேரத்தோட டாக்டர் எழுதணும். முக்கியமா, அந்த ரிப்போர்ட்டோட ஒரு நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்ற ஆளுக்கோ கொடுக்கணும். இதை யாரும் கேக்கறதில்ல. கேளுங்க. பெண்ணா இருந்தா பெண் டாக்டர் பரிசோதிக்கணும், இல்லன்னா அவங்க மேற்பார்வையில நடக்கணும். மேஜிஸ்ட்ரேட் "போலீஸ் அடிச்சாங்களா?"ன்னு கேட்டா, அங்கயும் வாயைத் திறந்து சொல்லலாம்.

போன வருஷம் ஓபியில வயசான ஒரு அம்மாவைக் கூட்டிட்டு ஒருத்தர் வந்தார். சுகர் மாத்திரை வாங்க. அம்மாவை ஸ்டூல்ல உட்கார வெச்சுட்டு பின்னாடி நின்னார். மாத்திரை எழுதி முடிக்கற வரைக்கும் என்னையே பார்த்துட்டு இருந்தார்.

"சார், நீங்க முன்ன அந்த ஆஸ்பத்திரியில இருந்தீங்கல்ல?"

ஆமான்னேன்.

"என்னைத் தெரியுதா சார்?"

தெரிஞ்சது. இல்லன்னு தலையாட்டினேன்.

"பரவாயில்ல சார்"னு சொல்லிட்டு, சீட்டை வாங்கி மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டு, அம்மாவைக் கைத்தாங்கலா பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். கதவு வரைக்கும் அவர் காலையே பார்த்துட்டு இருந்தேன். நல்லாத்தான் நடந்தார்.