ஓட்டை விட்டா பலமா?

கொஞ்சம் டெக்னிகலான விஷயம் மக்களே. நடுவுல கொட்டாவி வந்தா நான் பொறுப்பில்லை :-)

2008-ல நான் ஷார்ஜாவுல ஒரு இரும்பு யார்டுல டிராயிங் ஆபீஸ்ல இருந்தேன். வந்த வேலை ஒரு ஏழு மாடி கார் பார்க்கிங். தூண் எல்லாம் 500 மி.மீ. சதுரக் குழாய். நிறுத்தினப்புறம் உள்ளே கான்கிரீட் ரொப்பிடுவாங்க.

இந்த ரெண்டும் நல்ல ஜோடி. கான்கிரீட் வெடிச்சுச் சிதறாம குழாய் கட்டிப் பிடிச்சுக்கும். குழாய் உள்பக்கமா நசுங்காம கான்கிரீட் பார்த்துக்கும். சியாட்டில்ல 1989-ல கட்டி முடிச்ச டூ யூனியன் ஸ்கொயர்ல கிட்டத்தட்ட 3 மீட்டர் விட்டத்துல இப்படிக் குழாய்த் தூண்கள் இருக்கு. தைபே 101-ல கூட பெரிய தூண்களுக்குள்ள பாதி உயரத்துக்கு மேல வரைக்கும் கான்கிரீட்தான்.

வம்பு எங்க வரும்னா, பீம் வந்து தூணோட சேர்ற இடத்துல. பீமோட ஃபிளாஞ்ச் தூணைத் தள்ளும்போது பிரச்சினை இல்லை, பின்னாடி கான்கிரீட் முட்டுக் கொடுக்கும். ஆனா இழுக்கும்போது? கான்கிரீட் கூட வராது. 16 மி.மீ. சுவர் மட்டும் தனியா வெளியே உப்பும். நிலநடுக்கத்துல இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி இழுக்கும்போது கேக்கவே வேணாம்.

அதனால அந்த இடத்தைப் பலப்படுத்தணும். தூணைச் சுத்தி வெளியே ஒட்டியாணம் மாதிரி தகடு போடலாம். தூணை ஊடுருவி நீள போல்ட் விடலாம். ஜப்பான்காரங்க அதிகமா செய்யறது வேற: குழாயையே அறுத்து, ஃபிளாஞ்ச் வர்ற ரெண்டு மட்டத்துலயும் முழுத் தகடு வச்சு, மறுபடி குழாயைப் பத்த வைக்கிறது. ஃபிளாஞ்ச் அந்தத் தகட்டோட விளிம்புலயே வெல்டாகிடும். இழுவை சுவருக்குக் குறுக்கா விழாம நேரா தகட்டுக்குப் போயிடும். இதுக்குப் பேரு த்ரூ டயஃப்ரம். எங்க வேலையும் அதுதான்.

அந்தத் தகட்டை வரைஞ்சது அடியேன். கான்கிரீட் போக நடுவுல 200 மி.மீ. ஓட்டை போட்டேன். நாலு மூலையிலயும் காத்து வெளியேற சின்ன ஓட்டை போடணும், அது டிசைனர் அனுப்பின ஸ்கெட்ச்லயே இருந்தது. பழைய வேலையோட டிராயிங்கை காப்பி பண்ணித் திருத்தினதுல அது விட்டுப்போச்சு. செக் பண்ணினவரும் கவனிக்கலை.

ஒரு சாயந்திரம் ஷாப்புல இருந்து ஃபோர்மேன் அண்ணன் போன் பண்ணினார். பட்டுக்கோட்டைக்காரர், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வெல்டிங் ஹோல்டரைப் பிடிச்சவர்.

"தம்பி, இந்தத் தகட்டு மூலையில ஓட்டை ஒண்ணும் இல்லையே?"

"டிராயிங்ல இருக்கறபடி செய்ங்கண்ணே. ஓட்டை போட்டா தகடு வீக் ஆயிடும்ல."

ரொம்ப மேதாவித்தனமா சொல்லிட்டு போனை வச்சேன். அரை மணி நேரத்துல ஆபீஸ் வாசல்ல நிக்கிறார். கையில ஒரு பிளாஸ்டிக் டம்ளர்.

"வாங்க தம்பி." பாத்ரூம் வாளிகிட்ட கூட்டிட்டுப் போனார். டம்ளரைக் கவுத்து நேரா தண்ணிக்குள்ள அமுக்கினார். "உள்ள தண்ணி ஏறுதா?"

ஏறலை. காத்து மாட்டிக்கிச்சு.

"கான்கிரீட்டைக் கீழேருந்து பம்ப் பண்ணப் போறாங்கன்னு சொன்னீங்க. நடு ஓட்டை வழியா மேல போயிடும். மூலையில இருக்கற காத்து எங்க தம்பி போவும்?"

எனக்கு முகம் செத்துப்போச்சு. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருக்கற கான்கிரீட்தான் மூலைக்கு மூலை முட்டுக் கொடுத்து அந்த ஜாயிண்டையே தாங்குது. மேல் தகட்டுக்கு அடியில, அதுவும் மூலையில, வெற்றிடம் விழுந்தா முட்டுக்கே தலை இல்லை. வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது, பளபளன்னு பெயின்ட் அடிச்ச தூண். சுத்தியலால தட்டினா வேணா சத்தம் மாறும். யார் தட்டப் போறா?

நல்லவேளை, அண்ணன் நான் சொன்னதைக் கேக்காம வேலையை நிறுத்தி வச்சிருந்தார். பதினோரு தூணுக்குத் தகடு இன்னும் தனியாத்தான் கிடந்தது. ஓட்டை போட்டுக்கலாம். ஒரே ஒரு தூண் மட்டும் முழுசா வெல்ட் ஆகி, டெஸ்ட்டும் முடிஞ்சு நின்னுச்சு.

ராத்திரி பூரா தூக்கமில்லை. பன்னெண்டுல ஒண்ணுதானே, யாருக்குத் தெரியும்னு ஒரு மனசு. வேலை போனா ஊர்ல வாங்கின கடனை எப்படி அடைக்கிறதுன்னு இன்னொரு மனசு. அண்ணன் வாயைத் திறக்க மாட்டார்னும் தெரியும். அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

காலையில போய் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அவர் கத்தினதை இங்க எழுத முடியாது. தூணை அறுத்து, தகட்டை மாத்தி, மறுபடி வெல்ட், மறுபடி டெஸ்ட். நாலு நாள் போச்சு. அந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட் கிடையாது. வேலை தப்பிச்சுது.

அப்புறம்தான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன். 1994 ஜனவரி 17, கலிஃபோர்னியாவுல நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே தேதியில ஜப்பான்ல கோபே. ரெண்டு இடத்துலயும் பல இரும்புக் கட்டிடங்கள்ல பீமும் தூணும் சேர்ற இடத்துல விரிசல். நார்த்ரிட்ஜ்ல கட்டிடம் நேராத்தான் நின்னுச்சு. பூச்சை உரிச்சுப் பார்த்தப்பதான் உள்ளே வெல்ட் விட்டுப்போனது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் வந்த வைத்தியத்துல ஒண்ணு, ஜாயிண்டுல கூடுதல் தகடு சேர்க்கிறது. இன்னொண்ணு, ஜாயிண்டுக்குக் கொஞ்சம் தள்ளி பீமோட ஃபிளாஞ்சை ரெண்டு பக்கமும் வளைவா வெட்டி விடறது. பீம் அங்கே வளையும், வெல்ட் பிழைக்கும். பார்க்க எலும்புத் துண்டு மாதிரி இருக்கறதால பேரே டாக் போன்.

பலப்படுத்தணும்னா இரும்பைச் சேர்க்கணும்னு மட்டும் நினைச்சுட்டிருந்தவன் நான். இப்ப ஜூனியர் பசங்க எடுத்து வர்ற டிராயிங்ல முதல்ல ஓட்டைகளைத்தான் எண்ணுறேன்.

அண்ணன் 2011-ல ஊருக்குத் திரும்பிட்டார். கிளம்பற அன்னிக்கு என் டேபிள்ல ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கவுத்து வச்சுட்டுப் போனார். இன்னும் அதுலதான் பேனா போட்டு வச்சிருக்கேன். நிமித்தித்தான் :-)