கிணற்றடி வார்டு

ஐஸ்கிரீம் வந்த வெள்ளை டப்பா. அதில் முக்கால் அளவு தண்ணீர். பையன் அதை இரண்டு கையாலும் தாங்கி, தளும்பாமல், ஒவ்வோர் அடியாக வைத்துக் கிணற்றடிக்கு வந்தான்.

"பாட்டி, ஆக்ஸிக்குப் பஞ்சு புடிச்சிருக்கு."

ராட்டினம் நின்றது. பாட்டி முந்தானையில் கையைத் துடைத்து, நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார்.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப் போர்ஷன் அவர்களுடையது. காலை ஆறு மணிக்குக் காப்பி டம்ளரோடு மாடிப்படியின் மூன்றாம் படியில் உட்காருவது என் வழக்கம். அங்கிருந்து கிணற்றடி முழுவதும் தெரியும். கத்திரி தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை.

டப்பாவில் இருந்தது சுண்டுவிரல் நீளக் குட்டி. ரோஜா கலந்த வெள்ளை உடம்பு, மிளகு போல் இரண்டு கண். தலையின் இரு பக்கமும் மும்மூன்று செவுள் காம்புகள், காம்பு முழுக்கச் சிவப்பு இழைகள். இடப் பக்கத்து நடுக் காம்பில் மட்டும் நுனி இல்லை. அந்த இடத்தில் இலவம்பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல் வெள்ளையாக ஒரு பொதி. குட்டி செவுளை உதறும்போது மற்ற ஐந்தும் விசிறியாக விரிந்து மடங்கின. அந்த ஒன்று மட்டும் ஈரத் துணி மாதிரி பின்னாலேயே இழுபட்டது.

ஆக்சலாட்டல். மீன் கடைகளில் 'நடக்குற மீன்' என்றே கேட்கிறார்கள். மீன் இல்லை, தவளையின் தூரத்து உறவு. வாலுள்ள நீர்நில வாழ்வி. தமிழ்நாட்டுக் காடுகளில் தவளை உண்டு, தேரை உண்டு, காலே இல்லாத மண்புழு போன்ற ஒன்றும் உண்டு. வாலோடு நாலு காலில் நடப்பது மட்டும் கிடையாது. அதைப் பார்க்க டார்ஜிலிங் மலைக்கோ வடகிழக்குக்கோ போக வேண்டும். அதனால்தான் அதற்கு நம்மிடம் பழகிய பேர் இல்லை. பாட்டி முதல் நாள் "பல்லி மீனா?" என்றார். மறுநாளிலிருந்து 'பேஷண்ட்'. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

விசாரணை நின்றபடியே நடந்தது.

"மத்த மூணும் எங்க?"

"ஒரே டேங்க்லதான் பாட்டி."

"எல்லாம் ஒரே சைஸா?"

"ஒண்ணு மட்டும் பெருசு."

"கடைசியா எப்ப சாப்பாடு போட்ட?"

பையன் காலால் சிமெண்ட் தரையைத் தேய்த்தான். ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் சித்தப்பா வீட்டு விசேஷம். காலையில் போட்ட புழு மிச்சமாகி டேங்க்கின் அடியில் கிடந்திருக்கிறது. மத்தியானம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, காற்றாடி நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் கை பொறுக்கும் சூடு.

பாட்டிக்கு அது போதும். இந்தக் குட்டிகள் சின்ன வயதில் ஒன்றையொன்று கடிக்கும். பக்கத்தில் அசைவதெல்லாம் இரை. செவுளும் விரலும்தான் முதலில் போகும். போனது சில வாரங்களில் திரும்ப வளர்ந்துவிடும் என்பதுதான் இந்தப் பிராணிக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. ஆனால் வளர்வதற்கு முன்பு புண் புண்தான். அழுகும் மிச்சத் தீனியில் பெருகும் பூஞ்சையின் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. முழுத் தோலில் இருக்கும் வழவழப்பு அவற்றை ஒட்டவிடாது. கடிபட்ட இடம் கதவு திறந்த வீடு. அதோடு வெயிலும் சேர்ந்துகொண்டது. பதினாறிலிருந்து பதினெட்டு டிகிரித் தண்ணீரில் நிம்மதியாக இருக்கும் உயிர் இது. இருபத்து நாலைத் தாண்டினால் தளரத் தொடங்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரே சித்திரையில் இருபத்தெட்டு.

அன்றே நான்கும் நான்கு டப்பாவில் பிரிந்தன. வலை போட்டுப் பிடிக்க விடவில்லை. வலைக் கண்ணியில் செவுள் மாட்டிக் கிழியும். கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து, குட்டி தானே உள்ளே நடந்து வரும்வரை பாட்டி அசையாமல் பிடித்திருந்தார். நாலாவது குட்டி வர எவ்வளவு நேரமாயிற்றோ, என் காப்பி ஆறிப் போனது.

தண்ணீரில்தான் முதல் தகராறு. பையன் கேன் தண்ணீர் வாங்கி வந்திருந்தான். மினரல் வாட்டர், சுத்தம் என்று நினைப்பு. பாட்டி அதைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். வடிகட்டி வடிகட்டி உப்புச் சத்தெல்லாம் போன தண்ணீர் இந்த உயிருக்கு ஆகாது. கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். சோப்புத் தேய்த்தால் நுரை வராத எங்கள் கிணற்று நீருக்கு ஒரு கௌரவம் கிடைத்தது அன்றைக்கு. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து வேண்டும். கிணற்று நீரில் குளோரின் இல்லை.

குளிர்ச்சியைத்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது. காற்றாடியை நீர்மேல் திருப்பினால் ஆவியாகிச் சூடு இறங்கும், உண்மைதான். ஆனால் கடல் ஈரம் ஏறிய சென்னைக் காற்றில் அது இரண்டு மூன்று டிகிரியோடு நின்றுவிடுகிறது. மீன் மார்க்கெட்டிலிருந்து மூடியோடு ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. பெட்டிக்குள் டப்பாக்கள், டப்பாக்களுக்கு நடுவில் உறைந்த தண்ணீர் பாட்டில். இரண்டு பாட்டில் உள்ளே இருந்தால் இரண்டு ஃப்ரீசரில். ஐஸைத் தண்ணீரிலேயே போடவில்லை. சூடு சட்டென்று விழுந்தாலும் குட்டிக்கு அதிர்ச்சி. சாயங்காலத்துக்குள் வெப்பமானி பத்தொன்பதுக்கு வந்து நின்றது. குட்டியைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைக்கலாமாமே என்று பையன் கேட்டான். வைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குளிரில் தீனி செரிக்காது. தினம் தின்ன வேண்டிய குட்டிக்கு அது சரிப்படாது. அதோடு எங்கள் வீடுகளில் அந்தக் கதவு எத்தனை தரம் திறக்கிறது!

உப்புக் குளியல், காலை ஒன்று, மாலை ஒன்று. இதைத்தான் நான் கண் எடுக்காமல் பார்த்தேன்.

மாவடு போடுவதற்காகக் கேளம்பாக்கம் உப்பளத்திலிருந்து வாங்கிய கல்லுப்பு வீட்டில் இருந்தது. கடைப் பாக்கெட் உப்பில் அயோடினும் கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொடியும் இருப்பதால் அதைத் தொடவில்லை. ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், தலை தட்டி. முழுக்கக் கரையும்வரை கிளறி, உள்ளங்கையை அடியில் தடவி, ஒரு கல்லும் இல்லை என்று பார்த்து, பழைய தண்ணீரின் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் கிண்ணம் சாய்ந்தது. குட்டி உப்பு நீருக்குள் இறங்கியதும் ஒரு முறை துள்ளியது. வால் நுனி சுருண்டது. பாட்டி கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார், நாடி பிடிப்பவர்களின் வழக்கம். வலது கை கிண்ணத்தின் மேல் தயாராக, பார்வை கடிகாரத்துக்கும் குட்டிக்கும் மாறி மாறி. பக்கத்தில் ஸ்கூட்டர் கிளம்பியது, பால்காரர் மணியடித்தார், தலை நிமிரவில்லை.

"எவ்ளோ நேரம் பாட்டி?"

"பத்து நிமிஷம். இது குட்டி, எட்டே போதும்."

"பாவம், எரியுமா?"

"அதுக்கும் கஷ்டம்தான்டா. பஞ்சுக்கு அதைவிடக் கஷ்டம். அந்த வித்தியாசத்துலதான் வைத்தியம்."

உப்பு இழுக்கும் தண்ணீர் பூஞ்சையின் மெல்லிய நூல்களிலிருந்து முதலில் போகிறது. நேரம் தாண்டினால் குட்டியின் தோலிலிருந்தும் செவுளிலிருந்தும் போகும். எட்டாம் நிமிடம் குட்டி நல்ல தண்ணீருக்கு மாறியது. உப்புத் தண்ணீர் செடிக்குப் போகாமல் சாக்கடைக்குப் போனது. அடுத்த வேளைக்குப் புது உப்பு, புது நீர்.

மூன்றாம் நாள் பஞ்சு சாம்பல் நிறமாகி இளகித் தொங்கியது. இடுக்கியால் பிடுங்கிவிடலாம் என்றான் பையன். புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்க்கிறாயா என்று ஒரே கேள்வி. இடுக்கி உள்ளே போய்விட்டது.

அன்று மாலை அவன் மீன் கடையிலிருந்து இரண்டு பாட்டிலோடு வந்தான். பாட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லேபிளை எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒன்றில் மாலக்கைட் கிரீன். செதில் இல்லாத, தோலாலும் மூச்சு விடும் உயிருக்கு அது நஞ்சு. அப்போதே திரும்பிப் போயிற்று. இன்னொன்று மெத்திலீன் புளூ. முட்டைக்கும் சின்னக் குஞ்சுக்கும் நீர்க்க விடுவார்கள். ஆனால் மெயின் டேங்க்கில் விட்டால் அமோனியாவைத் தின்று தண்ணீரைக் காக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். தனி டப்பாவில்தான் விட வேண்டும், மீன் அளவில் பாதிக்கு மேல் கூடாது. அது ஜன்னல் கட்டையில் நின்றது, சீல் பிரிக்காமல். படர்தாமரைக்குப் பூசும் களிம்பைப் பற்றியும் பேச்சு வந்தது. இந்தப் பஞ்சு பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூஞ்சை. பூஞ்சை என்று சொல்கிறோமே தவிர, அதன் சுவர் செடிகளைப் போல் செல்லுலோஸ். உறவு பழுப்புக் கடற்பாசியோடு. நம் தோல் பூஞ்சைக்கான மருந்துக்கு அங்கே வேலை குறைவு.

மருந்தென்று இன்னொன்று சேர்ந்தது என்றால், காம்பவுண்டு மூலையில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் இலை. தானே பழுத்துச் சிவந்து விழுந்தது, ரோட்டுப் புகை படாதது. கழுவிப் போட்ட ஒரு துண்டு இரவுக்குள் தண்ணீரை இளம் டீ நிறமாக்கிவிட்டது. அதன் துவர்ப்பு பூஞ்சைக்கு ஆகாது, தோலுக்கு இதம். மீன் வளர்ப்பவர்கள் இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் வாசலில் தினம் பெருக்கித் தள்ளுகிறோம்.

ஒரு நாள் டப்பா மாற்றிக்கொண்டே பாட்டி சானடோரியத்தைப் பற்றிச் சொன்னார். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்கு இடம் அமைத்தபோது அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் எங்குமே இல்லை. மரத்தடிக் காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு. 1937இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகும் பல வருடம் அதேதான்.

"மருந்து வர்ற வரைக்கும் காத்துதான்டா மருந்து. இதுக்கு நுரையீரலை வெளியில தொங்கவிட்டிருக்கான் ஆண்டவன். அப்ப தண்ணியத்தான பாக்கணும்?"

அதற்காகத்தான் தினம் முழுத் தண்ணீரும் மாறியது. மிச்சத் தீனி பத்து நிமிடத்துக்கு மேல் டப்பாவில் கிடக்கவில்லை. ஸ்கூல் நோட்டின் பின்பக்கத்தில் பாட்டி கோடு போட்டிருந்தார்: தண்ணீர்ச் சூடு, தீனி, உப்பு, பஞ்சு. பஞ்சு என்ற கட்டத்தில் முதல் நாள் 'மிளகளவு', நாலாம் நாள் 'கடுகு'. உடம்பிலும் பரவினாலோ தொடர்ந்து தின்னாவிட்டாலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவது என்று அட்டையில் எழுதியிருந்தது.

அந்த அட்டையில் இன்னொரு தாளும் பின் குத்தியிருந்தது, பையனின் அப்பா அரசின் பரிவேஷ் இணையதளத்தில் செய்த பதிவு. 2022ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தப்படி இத்தகைய அயல் உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிய வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் சேலையூர் ஏரியில் விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் அது செத்துப்போகும். சாவதற்குள் அதன் மேலிருக்கும் நோய் எங்கள் தவளைகளுக்குப் போகும்.

1864இல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குக் கப்பலில் போன 34 ஆக்சலாட்டல்களின் வழிவந்தவைதான் இன்று உலகத்துக் கண்ணாடித் தொட்டிகளில் பெரும்பாலும் இருப்பவை. பிறந்த ஊரான சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு ஆறாயிரம் என்று எண்ணினார்கள், 2014இல் 36. அங்கே அழுக்கான தண்ணீரும் கொண்டுவந்து விட்ட மீன்களும் அவற்றை அழிக்கின்றன. ஒரு ஏரி அழுக்கானால் அதில் என்னென்ன போகும் என்பதைத் தாம்பரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கைப் படித்த பிறகு எனக்கு இந்த ஐஸ்கிரீம் டப்பாவின் மேல் அக்கறை கூடிவிட்டது.

ஆறாம் நாள் காலை பஞ்சு காம்பில் இல்லை. டப்பாவின் அடியில் சாம்பல் துணுக்காகக் கிடந்தது. பாட்டி அதைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்தார். உப்பு இன்னும் இரண்டு நாள் தொடர்ந்தது, பிறகு நிறுத்தினார். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவில்லை.

பன்னிரண்டாம் நாள். அக்னி நட்சத்திரம் அன்றுதான் பிறந்தது. காலை ஆறரைக்கே படி சுட்டது. பையன் மண்புழுவைக் கழுவி, பிளேடால் அரிசி நீளத்துக்கு நறுக்கி, ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துக் குட்டியின் மூக்குக்கு முன்னால் மெல்ல அசைத்தான். குட்டி அசையவில்லை. வெட்டுப்பட்ட காம்பின் நுனியில் நூலளவு சிவப்பாக இரண்டு இழை வந்திருந்தது, பக்கத்து இழைகளைவிடக் குட்டையாக. அது செவுளை ஒரு முறை உதறியது. ஆறும் சேர்ந்து விரிந்து மடங்கின.

பிறகு வாய் திறந்து மூடியது. இடுக்கியில் புழு இல்லை.

"பாட்டி, சாப்ட்ருச்சு!"

"கத்தாதே. சூடு எவ்ளோ பாரு."

"பத்தொம்போது."

பாட்டி நோட்டை விரித்துப் பத்தொன்பது என்று எழுதினார். ஃப்ரீசரிலிருந்து அடுத்த பாட்டிலை எடுத்துவரச் சொன்னார்.